வணிகப் பதிவு இல்லாமல் கிடைத்த வசிப்பு அட்டை

என் மனைவி பிரெஞ்சுக் குடியுரிமை கொண்டவர். ஜெர்மனியில் சுயதொழிலாக மொழிபெயர்ப்பு செய்கிறார். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எனக்கான வசிப்பு அட்டை விண்ணப்பம் நகரவே இல்லை. முதலில் குடியேற்ற அலுவலகத்தில் அவருடைய சம்பளச் சீட்டைக் கேட்டார்கள். சுயதொழிலுக்கு ஏது சம்பளச் சீட்டு? அடுத்து வங்கி இருப்பு. அதைக் கொடுத்ததும் வணிகப் பதிவுச் சான்று.

முடிச்சு அங்கேதான் இருந்தது. ஜெர்மன் சட்டத்தில் மொழிபெயர்ப்பாளர் ‘ஃபிரைபெருஃப்லர்’ வகை, அதாவது வணிகர் அல்லாத சுயதொழிலர். அவர்களுக்கு வணிகப் பதிவே கிடையாது, வரி அலுவலகத்தில் பதிந்தால் போதும். வரி எண் வந்த கடிதத்தையும் அண்மைய பில்களையும் இணைத்து, ஒன்றியக் குடிமக்களும் அவர்கள் குடும்பத்தாரும் வேறு உறுப்பு நாட்டில் வாழும் உரிமை பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004/38 உத்தரவில், ஊழியருக்கும் சுயதொழிலருக்குமான 7(1)(அ) பிரிவைக் குறிப்பிட்டு மனு கொடுத்தேன். போதிய வருமானம் காட்டும் நிபந்தனை வேலை செய்யாதவர்களுக்கும் மாணவர்களுக்கும்தான், சுயதொழிலருக்கு இல்லை. விண்ணப்பச் சான்றை உடனே தரச் சொல்லும் 10ஆம் பிரிவையும் சேர்த்திருந்தேன். சான்று அன்றே கிடைத்தது. சட்டம் சொல்லும் 6 மாதத்துக்குள் அட்டையும் வந்துவிட்டது. அப்பாடா!