கடைசி வரிசையிலிருந்து ஓடிய 10 கிலோமீட்டர்

ஒரு கிலோமீட்டரைக் கடக்க எனக்கு 8 நிமிடம் ஆகும். முதன்முதலில் சிறிய 10 கிலோமீட்டர் போட்டியொன்றில் கலந்துகொண்டபோது, கூட்டத்தின் வேகத்தில் இழுபட்டு முதல் கிலோமீட்டரை ஆறரை நிமிடத்தில் ஓடிவிட்டு, நான்காவதிலேயே மூச்சு வாங்கி, விலாவில் குத்தல் எடுத்து, மீதித் தூரத்தைப் பெரும்பாலும் நடந்தே முடித்தேன். சிறிய போட்டியில் ஓடுவோர் குறைவு என்பதால், மெதுவாக ஓடுபவர் விரைவில் தனித்துவிடுகிறார். அந்த அச்சமே என்னை விரட்டியது என்பது பிறகுதான் புரிந்தது.

அடுத்த முறை, பாதை எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டறிந்தேன். 100 நிமிடம் என்றார்கள். எனக்கு 80 போதும் என்பதால் மனம் அமைதியடைந்தது. புறப்படும் கோட்டில் கடைசி வரிசையில் நின்றேன். முதல் 2 கிலோமீட்டர் முழுவதும், ஒரு வாக்கியத்தை மூச்சு அறுபடாமல் சொல்ல முடிகிறதா என்று மெல்லப் பேசிப் பார்த்து, முடியாதபோதெல்லாம் வேகத்தைக் குறைத்தேன். கைக்கடிகாரத்தைவிட இந்தச் சோதனையையே நான் நம்புகிறேன்.

ஏழாவது கிலோமீட்டருக்குப் பின், முன்னால் சென்ற சிலரைக்கூடக் கடந்தேன். முடிவுக் கோட்டில் தண்ணீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர், கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். கடிகாரம் 81 நிமிடம் காட்டியது.