ஹியூமிக் அமிலமும் உலோக அயனிகளும்: பலரும் சறுக்கும் இடங்கள்

"தாமிரத்துக்கும் ஹியூமிக் அமிலத்துக்கும் பிணைப்பு மாறிலி என்ன?" என்று கேட்டுப் பாருங்கள், டக்கென்று ஓர் எண் வரும். (ஹியூமிக் அமிலம் என்பது மக்கிய தாவரங்களிலிருந்து மண்ணிலும் நீரிலும் சேரும் பழுப்புப் பொருள்; உலோகம் அதில் எவ்வளவு வலுவாக ஒட்டும் என்று சொல்வது பிணைப்பு மாறிலி.) ஒருவர் மடக்கை (log) 5 என்பார், இன்னொருவர் 8 என்பார், அப்புறம் யார் அளந்தது சரி என்று சண்டை. இரண்டு பேருமே ஒழுங்காக அளந்திருக்கலாம். இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கிற தவறு, அப்படி ஒரே எண் ஒன்று எங்கோ இருக்கிறது என்று நம்புவதுதான்.

உலோகத்தைப் பிடிக்கும் ஈடிடிஏ (EDTA) ஒரு மூலக்கூறு, அதற்குக் குறிப்பிட்ட மாறிலி உண்டு. ஹியூமிக் அமிலம் அப்படி இல்லை. காரத்தில் கரைந்து, அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே கொண்டுபோனதும் வீழ்படிவாகிறவற்றுக்கெல்லாம் சேர்த்து வைத்த பெயர் அது. அப்போதும் கரைந்தே இருப்பது ஃபுல்விக் அமிலம், காரத்திலும் கரையாமல் நிற்பது ஹியூமின். எல்லாம் கரைதிறனை வைத்துச் செய்த பாகுபாடு, மூலக்கூறின் அமைப்பை வைத்து அல்ல. உள்ளே உலோகம் ஒட்டும் இடங்களாகக் கார்பாக்சில் தொகுதிகள் நிறைய, ஃபீனால் தொகுதிகள் ஓரளவு, நைட்ரஜன் கொஞ்சம், பாதரசத்தை விடாமல் பிடிக்கிற தயோல் கந்தகம் மிக மிகக் கொஞ்சம். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு முதலில் நிரம்புவது மாதிரி, முதலில் வரும் தாமிர அயனிகள் வலுவான இடங்களைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் வருபவை சாதாரண கார்பாக்சிலில் உட்காரும். எனவே உலோகத்தைக் கூட்டக் கூட்ட நீங்கள் அளக்கும் சராசரி மாறிலி இறங்கிக்கொண்டே போகும்.

இதனால் வரும் நடைமுறைப் பிழை பெரியது. கருவி பார்க்க வசதியாக இருக்கிறது என்று லிட்டருக்குச் சில மில்லிகிராம் தாமிரம் போட்டு மாறிலியைக் கண்டுபிடித்து, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் மட்டும் இருக்கும் ஆற்று நீருக்கு அதையே பயன்படுத்தினால், பிணைப்பைப் பல மடங்கு குறைத்துச் சொல்லிவிடுவீர்கள். இரண்டு வகை இடங்கள் என்று வைத்து லாங்மியர் வளைகோடு (ஒட்டும் இடங்கள் நிரம்புவதைக் காட்டும் சமன்பாடு) பொருத்தினால் அழகாகப் பொருந்தும், ஆனால் நான்கு அளவுருக்களைக் கையில் கொடுத்தால் எந்த வழவழப்பான வளைகோடும் பொருந்தத்தான் செய்யும். அதை வைத்து "இரண்டு வகை இடங்கள் உள்ளன" என்று எழுதுவது கொஞ்சம் அதிகம். இடங்களின் வலிமை ஒரு பரவலாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும் டிப்பிங்கின் வாம் (WHAM), அல்லது நிக்கா-டோனான் (NICA-Donnan) என்ற கணக்கீட்டு மாதிரிகளுக்குப் போவது நல்லது. குறைந்தபட்சம் எந்த பிஎச், எந்த அயனி வலிமை (கரைசலில் மொத்தம் எவ்வளவு அயனிகள் என்பதன் அளவு), ஒரு கிராம் ஹியூமிக்குக்கு எவ்வளவு உலோகம் என்பதையாவது மாறிலியோடு சேர்த்து எழுதுங்கள். இவை இல்லாத மாறிலியை வைத்துக்கொண்டு படிப்பவர் எதுவும் செய்ய முடியாது.

பிஎச் என்றதும் இன்னொன்று. தாமிரம் ஒட்டும்போது ஹைட்ரஜன் அயனி வெளியேறும், ஆக பிஎச் 6ல் தொடங்கிய சோதனை யாரும் கவனிக்காமல் கீழே இறங்கியிருக்கும். அதைத் தடுக்க ஃபாஸ்பேட், சிட்ரேட் தாங்கல் கரைசலைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிட்ரேட் தானே தாமிரத்தைப் பிடிக்கும், அப்புறம் நீங்கள் அளப்பது யாருடைய பிணைப்பு? உலோகத்தை அதிகம் பிடிக்காத எம்இஎஸ் (MES) போன்ற தாங்கல்கள் தேவலை. அதைவிட, காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை நிலைநிறுத்துவது இன்னும் பாதுகாப்பு.

கால்சியம் பலவீனமாகத்தானே ஒட்டும், விட்டுவிடலாம் என்பதும் அடிக்கடி கேட்பது. கடின நீரில் கால்சியம் மில்லிமோலார் அளவில் இருக்கும், தாமிரம் நானோமோலாரில்; எண்ணிக்கையிலேயே லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம். இரும்பும் அலுமினியமும் பலவீனமானவைகூட இல்லை, தாமிரத்தோடு நேரடியாகப் போட்டியிடும். கடையில் வாங்கும் ஹியூமிக் பொடி பெரும்பாலும் நெய்வேலியில் கிடைப்பது போன்ற பழுப்பு நிலக்கரியிலிருந்தோ லியோனார்டைட்டிலிருந்தோ (ஆக்சிஜனேற்றம் அடைந்த பழுப்பு நிலக்கரி) எடுத்தது, அதில் சாம்பலும் இரும்பும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். சுத்தம் செய்யாமல் அதில் தாமிரம் போட்டு அளந்தால், இரும்பு காலி செய்யாத இடங்களைப் பற்றி எதுவும் தெரியாது. அமெரிக்காவின் சுவானி ஆற்று நீரிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த, ஒப்பிடுவதற்கான பொது மாதிரியை உலகம் முழுக்க ஆய்வகங்கள் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, விரவலுக்கு, அதாவது அயனிகள் செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவதற்கு வருவோம். இங்கே நடக்கும் தவறு இரண்டு எதிரெதிர்த் திசையில் இருக்கிறது, வேடிக்கை என்னவென்றால் ஒரே ஆள் இரண்டையும் செய்வார்.

நீரில் தனியாக இருக்கும் தாமிர அயனியின் விரவல் குணகம் 25 டிகிரியில் நொடிக்குச் சுமார் 7 × 10⁻¹⁰ சதுர மீட்டர். பிணைப்பே இல்லை என்று வைத்தால் 10 சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 80 நாள். இப்போது அதே தூரம் கரி மண்ணாக இருக்கட்டும், அங்கே ஹியூமிக் பொருள் நகராமல் நிற்கிறது, நீரில் ஓர் அயனி இருந்தால் 999 அயனிகள் அதில் ஒட்டியிருக்கின்றன என்று கொள்வோம். பயணம் ஆயிரம் மடங்கு மெதுவாகி 200 ஆண்டைத் தாண்டிவிடும், துளைகளின் வளைவு நெளிவை இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை. வெறும் நீரின் குணகத்தை எடுத்து மண்ணில் போடுவது முதல் தவறு.

இரண்டாவது, "ஒட்டிவிட்டால் நகராது" என்று எல்லா இடத்திலும் முடிவு கட்டுவது. ஆற்று நீரில் ஹியூமிக்கே கரைந்து ஓடுகிறது, ஒட்டிய உலோகமும் கூடவே போகும். மண்ணில் நின்றால் பிரேக், நீரில் கரைந்திருந்தால் வாகனம். ஒட்டும் வலிமையைப் பார்ப்பதற்கு முன்னால் ஹியூமிக் நிற்கிறதா நகர்கிறதா என்று பாருங்கள். 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் இறங்கியதெல்லாம் தனி அயனி என்று எழுதுவதும் இதே குழப்பம்தான். ஃபுல்விக் மூலக்கூறு சுமார் ஒரு நானோமீட்டர் ஆரம் கொண்டது, அதற்கு அந்தத் துளை அகலமான வாசல்.

இதெல்லாம் ஒன்றாக வந்து மாட்டும் இடம், நீரில் வைத்து உலோகத்தை அளக்கும் டிஜிடி (DGT) கருவி. டேவிசனும் ஜாங்கும் 1994ல் அறிமுகப்படுத்தியது: ஒரு ஜெல், அதன் பின்னால் உலோகத்தைப் பிடிக்கும் ரெசின். ஜெல் 0.8 மில்லிமீட்டர் என்றால் தனி அயனி கடக்கச் சுமார் 8 நிமிடம், ஃபுல்விக்கோடு சேர்ந்து வந்தால் அதைப் போலச் சில மடங்கு. அந்த நேரத்துக்குள் அணைவு (உலோகமும் ஃபுல்விக்கும் ஒட்டிய சேர்க்கை) பிரிந்து உலோகத்தை விட்டுவிட்டால் ரெசின் அதையும் எண்ணிவிடும், பிரியாவிட்டால் எண்ணாது. ஆகவே டிஜிடி தருவது தனி அயனியின் செறிவும் இல்லை, மொத்தமும் இல்லை. தனி அயனியின் குணகத்தை வைத்தே எல்லாவற்றையும் கணக்கிட்டால் மெதுவாக வந்த அணைவுகளின் பங்கு குறைந்து தெரியும். கருவியைப் பத்து நிமிடம் வைத்து எடுப்பதும் வேண்டாம், ஜெல்லுக்குள் செறிவுச் சரிவு நிலைபெறவே நேரம் வேண்டும், மணிக்கணக்கில் வையுங்கள்.

பிரியும் வேகமும் உலோகத்துக்கு உலோகம் மாறும். தாமிர அயனி தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறை நொடிக்கு நூறு கோடி தடவைக்கும் மேல் மாற்றிக்கொள்கிறது, நிக்கல் சில பத்தாயிரம் தடவைதான், மூவிணைதிறன் குரோமியத்துக்கோ ஒரு மாற்றத்துக்கே நாட்கள் ஆகும். தாமிரத்துக்கு 24 மணி நேரம் குலுக்கினோம் என்பதற்காகக் குரோமியத்துக்கும் அதே 24 மணி நேரம் குலுக்கிவிட்டுச் சமநிலை வந்தது என்று எழுத முடியாது. இரண்டு மூன்று வெவ்வேறு நேரங்களில் அளந்து, எண் மாறாமல் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசியாக ஒளிர்வு தணிப்பு முறை: ஹியூமிக் தானே ஒளிரும், உலோகம் ஒட்டினால் அது எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. தாமிரம் ஹியூமிக்கின் ஒளிர்வை நன்றாக அணைக்கும், காட்மியம் அவ்வளவாக அணைக்காது. ஒளிர்வு குறையவில்லை, எனவே காட்மியம் ஒட்டவில்லை என்று முடிவெடுக்கும் முன் வேறொரு முறையில், உதாரணமாக மின்முனை வைத்தோ டயாலிசிஸ் செய்தோ, ஒரு தடவை சரிபாருங்கள். கரைசல் அடர்பழுப்பாக இருந்தால் அது தானே ஒளியை விழுங்கும், அதற்கான திருத்தத்தையும் போட வேண்டும். போடாவிட்டால் தாமிரத்துக்கான எண்ணும் தப்பாகத்தான் வரும்.