நெட் அடிக்கடி நிற்கிறதா? ரூட்டர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கோளாறு ரூட்டரில்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கணினியை லேன் கேபிளில் ரூட்டரோடு இணைத்து, இரண்டு விண்டோவில் பிங் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓட விடுங்கள். ஒன்று ரூட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1), மற்றது வெளியே இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8-க்கு. நெட் நிற்கும்போது வெளிப் பிங் மட்டும் நின்றால், கோளாறு பெரும்பாலும் லைனில். சேவை நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். இரண்டும் சேர்ந்து நின்றால் பெரும்பாலும் ரூட்டர்தான். அப்போதும் முதல் சந்தேகம் அடாப்டர் மேல் இருக்கட்டும். தேய்ந்த அடாப்டரில் லோடு ஏறியதும் வோல்டேஜ் இறங்கி, ரூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகும். அதே வோல்ட், அதே பின், ஆம்பியர் குறையாத வேறொன்றை மாட்டிப் பாருங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், அட்டைப்பெட்டியில் உள்ள பெரிய எண்ணை நம்பாதீர்கள். ஏசி1200 என்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300 எம்பிபிஎஸ்-ஐயும் 5 ஜிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி முழுமையாக்கிய எண். எந்த போனுக்கும் அந்த மொத்த வேகம் கிடைக்காது. பார்க்க வேண்டியது போர்ட்டை. விலை குறைந்த பல மாடல்களில் வான் போர்ட் (வெளி லைன் வந்து சேரும் போர்ட்) 10/100 மட்டுமே, அதாவது அதிகபட்சம் 100 எம்பிபிஎஸ். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் சுமார் 94-க்கு மேல் வராது. 10/100/1000 என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். கேபிளும் கேட்5இ-யாக இருக்கட்டும். எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம், இல்லை இணையாமலே போகலாம்.

வை-ஃபை 6, டபிள்யூபிஏ3 (வை-ஃபை பாதுகாப்பு முறை) இரண்டும் இருந்தால் நல்லது. ஆன்டெனா எண்ணிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம். தயாரிப்பாளரின் தளத்தில் கடைசி ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள்) தேதியைப் பாருங்கள். அப்டேட் நின்றுபோன மாடலைத் தொடாதீர்கள். ஒரே மாடல் பெயரில் வி1, வி2 என்று உள்ளே வேறு சிப் இருக்கலாம் என்பதால், அடியில் ஒட்டிய லேபிளின் பதிப்போடு ஒப்பிடுவது அவசியம்.

யாராவது பெரிய ஃபைல் அப்லோட் செய்யும்போது வீடியோ கால் திக்குகிறதா? எஸ்கியூஎம் (ஒரே வேலை லைனை அடைத்துவிடாமல் போக்குவரத்தை வரிசைப்படுத்தும்) வசதி உள்ள ரூட்டரைத் தேடி, அதில் வேக வரம்பை, அளந்த வேகத்தில் சுமார் 90 சதவீதமாக வையுங்கள். இதில் கிடைக்கும் நிம்மதி வேகமான பிளானில்கூடக் கிடைக்காது.

மாட்டும்போது அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ வைக்காமல், வீட்டின் நடுவில், மார்பளவு உயரத்தில் வையுங்கள். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைத்து, சேனல் 1, 6, 11-இல் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். சேவை நிறுவனத்தின் பெட்டியும் ரூட்டராக வேலை செய்தால், அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு, நெட்டைக் கடத்த மட்டும் செய்யும் நிலை) மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் புதியதை வை-ஃபை மட்டும் தரும் ஆக்சஸ் பாயின்டாக வையுங்கள்.