முத்திரை இல்லாத ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் நகையா? முதலில் திருப்பிப் பாருங்கள்

இயந்திரத் தயாரிப்புக்கு எதிராகக் கைவேலையைப் போற்றிய இயக்கம்தான் ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ். அந்தப் பாணியில் பழைய ப்ரூச் (உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகை) ஒன்று கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் தேடுவது முத்திரையைத்தான். பல நேரம் இருக்காது. 1880களில் தொடங்கி முதல் உலகப் போரைத் தாண்டியும் பிரிட்டனில் இந்த நகைகளைச் செய்தவர்களில் சிறு பட்டறைக்காரர்கள், கலைப்பள்ளி மாணவர்கள், வீட்டில் உட்கார்ந்து பொழுதுபோக்காகச் செய்தவர்கள் என்று நிறைய பேர் உண்டு. ஒரு ப்ரூச்சுக்காக ஹால்மார்க் முத்திரை வாங்க அலைவானேன் என்று விட்டிருப்பார்கள், போதாததற்குச் சின்னச் சின்ன நகைகள் பலவற்றுக்குச் சட்டத்திலேயே விலக்கும் இருந்தது. அதனால் முத்திரை இல்லை என்று ஒதுக்காதீர்கள். அதே சமயம், முத்திரை இல்லாததே பழசுக்குச் சாட்சி என்று விற்பவர் சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு நகையின் முதுகைப் பாருங்கள். முன்பக்கம் எல்லாரும் மினுக்குவார்கள், பின்பக்கத்தில்தான் வேலை தெரியும். கைவேலை என்றால் இலைகள் தனித்தனியாக வெட்டிப் பற்றவைத்தவை, பக்கத்துப் பக்கத்து இலைகூட அச்சாக ஒரே மாதிரி இராது. ரவைகளும் (குட்டி உலோக உருண்டைகள்) ஒன்று பெரிதாக ஒன்று சிறிதாக உட்கார்ந்திருக்கும், கம்பி வளைவில் இடுக்கி பட்ட தடம் தெரியும். எல்லா இலையிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல், விளிம்பெல்லாம் மழுங்கல், ஊசி குத்தினாற்போல் குட்டிக் குழிகள் என்றால் அது வார்ப்பு, பெரும்பாலும் பின்னால் வந்த நகல்.

சுத்தியல் தழும்பை மட்டும் வைத்துக் கைவேலை என்று முடிவு கட்டாதீர்கள். லண்டனின் லிபர்ட்டி கடை 1899இல் கொண்டுவந்த சிம்ரிக் என்ற நகை, வெள்ளிப் பொருள் வரிசையில் பெரும்பகுதியை பர்மிங்காமின் ஹாஸெலர் கம்பெனிதான் செய்தது. அதில் அச்சில் அடித்துவிட்டுக் கைவேலை போலக் காட்டியவையும் உண்டு. அச்சு என்பதால் அது போலி ஆகிவிடாது, பழசுதான்.

அடுத்து ஊசி. வெறும் கொக்கி, அதைத் தாண்டி வெளியே நீளும் ஊசி என்றால் பழசாக இருக்க வாய்ப்பு அதிகம். சுழன்று பூட்டும் பாதுகாப்புக் கொக்கி பொதுவாகப் பிற்காலத்தது. ஆனால் உடைந்த ஊசியை யாராவது மாற்றியிருக்கலாம், கீலைச் சுற்றி ஈயப் பற்றவைப்பு சாம்பல் நிறத்தில் வழிந்திருக்கிறதா பாருங்கள், அது பின்னால் பழுதுபார்த்ததன் அடையாளம்.

கற்கள் விலையுயர்ந்தவை அல்ல, அழகுக்காகத் தேர்ந்தவை. சந்திரகாந்தம், டர்க்காய்ஸ், ஓப்பல், கிரைசோபிரேஸ் என்ற பச்சைக் கல், செவ்வந்திக்கல், கோணல்மாணலான ஆற்று முத்து. பெரும்பாலும் பட்டை தீட்டாமல் வழவழவென்று மேடாக இருக்கும், சுற்றிலும் தகட்டு விளிம்பு. கல்லின் ஓரத்தில் பசை பிதுங்கியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். இங்கே என் முட்டாள்தனம் ஒன்று: பின்பக்கம் மூடிய ஒரு ப்ரூச்சைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கல்லுக்கு அடியில் பளபளப்புக்காக வைத்த மெல்லிய தகடு கறுத்துப் போச்சு, கல்லும் அழுது வடிகிறது. பின்பக்கம் மூடியிருந்தால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள், காய்ந்த மென்துணி போதும். வெள்ளியா என்று அறிய அமிலம் விடுவதும் வேண்டாம், முத்தும் டர்க்காய்ஸும் தாங்காது.

அப்புறம் இந்தப் பெயர் விளையாட்டு. இலையும் பூவும் குட்டிக் கல்லும் இருந்தால் போதும், 1899இல் பர்மிங்காமில் நகை செய்யத் தொடங்கிய ஆர்தர், ஜார்ஜி கேஸ்கின் தம்பதியின் பெயரை ஒட்டிவிடுவார்கள். மயில் இருந்தால் அந்தக் கால வடிவமைப்பாளர் சி. ஆர். ஆஷ்பீயின் பெயர். அதே பாணியில் செய்த மாணவர்களும் ரசிகர்களும் ஏராளம். சான்று எதுவும் இல்லாமல் பெயருக்கென்று கூடுதல் காசு கொடுக்காதீர்கள், வேலைப்பாட்டுக்குக் கொடுங்கள். படத்தைப் பார்த்து வாங்குவதானால் பின்பக்கம், கீல், கொக்கி மூன்றுக்கும் கிட்டப் படம் கேளுங்கள், இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள்.