முதலில் நடை, அப்புறம் வாட்ச், கடைசியில் போஸ்ட்

கடலூரில் எனக்குத் தெரிந்த பாதிப் பேர் நல்ல ஸ்மார்ட்வாட்ச் ஒன்று வாங்கிய பிறகுதான் நடக்க ஆரம்பிப்பேன் என்று இருக்கிறார்கள். புதுக் கருவி எது வந்தாலும் பிரித்து மேய்கிற ஆள் என்பதால் எந்த மாடல், எந்த ஆப் என்று என்னிடம்தான் கேட்பார்கள். நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: வாட்ச் இரண்டாவது மாதம் வாங்கிக்கொள்ளலாம், முதல் மாதம் சும்மா நடங்கள். பழக்கம் உட்கார்ந்த பிறகு வாட்ச் கைக்கு வந்தால் அது உங்களுக்கு வேலை செய்யும், முன்னாலேயே வந்தால் நீங்கள் அதற்கு வேலை செய்வீர்கள்.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளுக்கான பயிற்சி. மிதம் என்றால் பக்கத்தில் வருபவரோடு பேச முடியும், ஆனால் பாட முடியாது, அந்த வேகம். எல்லா ஆப்பும் கேட்கிற 10,000 அடிக் கணக்கை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்கும்போது பிரபலமான எண். சர்க்கரை, ரத்த அழுத்தம், நெஞ்சு சம்பந்தமான தொந்தரவு ஏதாவது இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்துங்கள்.

நம் ஊரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நடக்கலாம், ஆனால் காய்ந்த மணலில் அதே தூரத்துக்குக் கால் இரண்டு மடங்கு உழைத்த மாதிரி இருக்கும், கெண்டைக்காலும் குதிகாலும் பழகாதவர்கள் முதலில் அலை நனைத்து இறுகிய மணலிலோ சாலையிலோ நடப்பது நல்லது. புதுச்சேரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டி கிடையாது. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை உலராது, உலராவிட்டால் உடம்பு ஆறாது, அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் விடிவதற்குள் கிளம்பிவிடுங்கள்.

சரி, இப்போது வாட்ச். அதன் அடியில் மின்னுகிற பச்சை வெளிச்சத்தை ரத்தம் உறிஞ்சுகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் உறிஞ்சும் அளவு மாறுவதை வைத்து அது நாடியைக் கணக்கிடுகிறது. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவு இறுக்கமாகக் கட்டினால்தான் இது ஒழுங்காக நடக்கும். தொளதொளவென்று கட்டிக்கொண்டு வேகமாக நடந்தால் ஒரு வேடிக்கை நடக்கும்: கை வீசுகிற தாளத்தையே இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு, மூச்சே வாங்காதபோதும் துடிப்பை ஏகத்துக்கு ஏற்றிக் காட்டும். பயந்துவிடாதீர்கள். நின்று, கழுத்தோரம் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். எனக்கு நடக்கும்போது காட்டுகிற எண்ணைவிடக் காலையில் கண் விழித்ததும் எழாமல் படுத்தபடி பார்க்கிற எண்தான் முக்கியம், பயிற்சி தொடர்ந்தால் பல வாரங்களில் அது மெல்ல இறங்கும், தூக்கம் கெட்டாலோ காய்ச்சல் வரப்போகிறது என்றாலோ ஏறும்.

தூரக் கணக்கைச் சரிபார்க்க ஒரு ஓடுபாதைக்குப் போங்கள். கடலூர் என்றால் அண்ணா விளையாட்டரங்கம், புதுச்சேரி என்றால் உப்பளம் இந்திரா காந்தி மைதானம். வழக்கமான ஓடுபாதையில் உள்வரிசையில் ஒரு சுற்று 400 மீட்டர், ஒவ்வொரு வரிசை வெளியே போகப் போக சுற்றுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடும், அதனால் உள்வரிசையிலேயே நடங்கள். ஒரு சுற்றுக்கு எத்தனை அடி என்று வாயால் எண்ணுங்கள். 560 வந்தால் உங்கள் ஓரடி சுமார் 71 சென்டிமீட்டர், அதை ஆப்பில் போட்டுவிடுங்கள். வளைவுகளில் ஜிபிஎஸ் அலைபாயும், அதற்காக வாட்சைக் குறை சொல்ல வேண்டாம். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கை வீசாமல் நடந்தால் அடி குறைவாக விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கலோரியை மட்டும் திரையிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள், ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதப் பிழைக்குள் சொல்லிவிட்டன, ஆனால் கலோரியில் இருப்பதிலேயே நல்ல கருவிகூட சராசரியாக 27 சதவீதம் தப்பு. அந்த எண்ணை நம்பி, இவ்வளவு எரித்துவிட்டேனே என்று திரும்பும் வழியில் இரண்டு புரோட்டா உள்ளே போனால் நடந்த நடை வீண். எடையைவிட இடுப்பளவை டேப்பால் அளப்பது எளிது. நம் நாட்டு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும்.

ஆப் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: உங்கள் உடம்பின் கணக்கு முதலில் உங்களிடம் இருக்கட்டும். ஆண்ட்ராய்டு வைத்திருந்தால் எஃப்-டிராய்டு என்கிற ஆப் கடையில், நடந்த பாதையைப் பதிவு செய்யும் ஓப்பன்டிராக்ஸ் கிடைக்கிறது, இலவசம், இணைய அனுமதியே கேட்காத ஆப் என்பதால் அதுவாக எதையும் வெளியே அனுப்ப வழியில்லை. கேட்ஜெட்பிரிட்ஜ் என்று இன்னொன்று, பல வாட்ச்களை அந்த நிறுவனத்தின் ஆப் இல்லாமலே போனோடு இணைக்கும், சில மாடல்களுக்கு மட்டும் முதலில் நிறுவன ஆப்பில் பதிவு செய்து ஒரு சாவி எண்ணை எடுக்க வேண்டியிருக்கும். கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் மெனக்கெடலாம். மாதம் ஒருமுறை நடந்த பதிவுகளை ஜிபிஎக்ஸ் கோப்பாக (பாதைகளைச் சேமிக்கும் பொதுவான கோப்பு வகை) எடுத்துக் கணினியில் போட்டு வைத்தால் ஆப் நின்றுபோனாலும் உங்கள் வருடங்கள் போகாது.

இனி போஸ்ட். நடை, ஓட்டத்தைப் பதிந்து நண்பர்களுக்குக் காட்டுகிற ஸ்டிராவா மாதிரி ஆப்பில் பகிர்வது உற்சாகம் தருவது உண்மைதான், நானும் பகிர்கிறேன். ஆனால் நடந்த வரைபடம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ அதுதான் உங்கள் வீடு. ஸ்டிராவா தன் பயனர்களின் தடங்களை எல்லாம் சேர்த்து வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்களே பளிச்சென்று தெரிந்தது 2018 தொடக்கத்தில் பெரிய செய்தியானது, பெயர் இல்லாத வெறும் கோடுகளே அவ்வளவு சொல்லிவிட்டன. அதனால் கணக்குத் தொடங்கிய உடனே தனியுரிமை அமைப்புக்குப் போய்த் தொடக்கத்தையும் முடிவையும் மறைத்துவிடுங்கள், 1.6 கிலோமீட்டர் வரை மறைக்க முடியும், நம் மாதிரி சின்னத் தெருக்களுக்கு 200 மீட்டர் போதாது. தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். நடந்துகொண்டிருக்கும்போது எதையும் போடாதீர்கள், வீட்டுக்கு வந்து குளித்த பிறகு போடலாம். தினமும் 5.15-க்கு இந்த இடத்தில் தனியாக இருப்பேன் என்று ஊருக்கு அறிவிக்க வேண்டியதில்லை, தனியாக நடக்கும் பெண்கள் இதில் கட்டாயம் கவனமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவை டாக்குமெண்டாக அனுப்பினால், போன் அதில் பதிந்த இடத் தகவலும் சேர்ந்தே போகும், சாதாரணப் படமாக அனுப்புங்கள்.

ரீல்ஸில் உடற்பயிற்சி சொல்பவர்கள் விஷயத்தில், அவர் என்ன விற்கிறார் என்று முதலில் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு சொன்னால் விளம்பரம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும், ஆரோக்கிய நிபுணர் போலப் பேசும் பிரபலங்கள் தாங்கள் சொல்வது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அல்ல என்பதைச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023-இலேயே விதி போட்டிருக்கிறது. இரண்டும் இல்லாமல் புரோட்டீன் டப்பாவைத் தூக்கிக் காட்டுபவரைத் தயங்காமல் அன்ஃபாலோ செய்யுங்கள். இரவு 10 மணிக்கு மேல் ரீல்ஸ் பார்த்தால் காலை நடை போச்சு, அவ்வளவுதான். ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம், இரண்டிலும் ஆப்புக்கு நேர வரம்பு வைக்கலாம்.

சோஷியல் மீடியாவில் எனக்கு நிஜமாக உதவியது பெரிய கூட்டம் இல்லை, நாலைந்து பேர் உள்ள வாட்ஸ்அப் குழு. குட் மார்னிங் படம் கிடையாது, தத்துவம் கிடையாது, "போயிட்டேன்" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். யாராவது தொடர்ந்து இரண்டு மூன்று நாள் போடவில்லை என்றால் குழுவில் கேட்காமல் போனில் கூப்பிட்டு, "என்னப்பா, உடம்பு நல்லா இருக்கா?" என்று விசாரிப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே போக முடியாத நாட்களில் வீட்டுக்குள்ளேயே தண்டாலும் பஸ்கியும், வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கு என்று சொன்னேனே அந்தக் கணக்கு அதில் தீர்ந்துவிடும். தண்டால் தரையில் வரவில்லை என்றால் சுவரில் கை ஊன்றி ஆரம்பியுங்கள், பஸ்கி எடுக்க முட்டி வலித்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழுங்கள்.