பெண் விவசாயிக்கு உதவக் கிளம்பும் முன்

வேளாண் பயிற்சி நடத்துவதுதான் என் பிழைப்பு. பெண் விவசாயிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று புதிதாகக் கிளம்பும் குழுக்கள் என்னிடம் முதலில் கேட்பது, "என்ன கொடுக்கலாம்?" என்றுதான். கோழிக்குஞ்சு, விதைப் பை, தையல் இயந்திரம் என்று கையோடு ஒரு பட்டியலும் வந்துவிடும். (பயிர் செய்கிறவருக்குத் தையல் இயந்திரம் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.) பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். நீங்கள் கொடுப்பது அவருடைய வேலையைக் குறைக்குமா, கூட்டுமா? அதில் வரும் பணம் யார் கைக்குப் போகும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரியாதவரை எதையும் கொடுக்க வேண்டாம்.

முதல் கேள்விக்குப் பதில் காண ஒரு பெரிய தாளும் பேனாவும் போதும். அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து, கண் விழிப்பதிலிருந்து படுக்கும்வரை மணிக்கணக்காக அவருடைய நாளை வரையுங்கள். "சும்மாதான் இருந்தேன்" என்று அவர் சொல்லும் நேரத்தை விட்டுவிடாமல் கேளுங்கள். அந்த நேரத்தில்தான் தண்ணீர் எடுத்திருப்பார், மாட்டுக்குத் தீனி வைத்திருப்பார், பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருப்பார். விதைப்புக் காலத்துக்கு ஒரு தாள், அறுவடைக்கு ஒரு தாள் என்று தனித்தனியாகப் போடுங்கள். வீட்டு ஆணின் நாளையும் அதேபோல் வரைந்து, எல்லாத் தாள்களையும் அந்தக் குடும்பத்தின் முன்னாலேயே அருகருகே விரியுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டியதே இல்லை. அவர்களே பேச ஆரம்பிப்பார்கள்.

பயிற்சியை எப்போது வைப்பது என்பதும் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். தொலைவில் உள்ள ஒரு மண்டபத்தில் காலை முதல் மாலைவரை வகுப்பு வைத்துவிட்டு, "பெண்களுக்கு ஆர்வம் இல்லை" என்று அறிக்கை எழுதுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 1989இல் இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்காக ஐநாவின் உணவு வேளாண்மை நிறுவனம் தொடங்கிவைத்த வயல்வெளிப் பள்ளி முறை இதற்கு நல்ல மாற்று. வாரத்துக்கு ஒரு முறை, சில மணி நேரம், வயலிலேயே கூடி, ஒரு பருவம் முழுக்கப் பயிரைக் கவனித்துக் கற்பது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பூச்சியை எண்ணலாம், இலையைப் பார்த்துப் பேசலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். அழைப்பைக் குடும்பத் தலைவர் பெயருக்கு அனுப்பாமல் அந்தப் பெண்ணின் பெயருக்கே அனுப்புங்கள். இதைச் செய்தாலே பாதிக் கூட்டம் மாறிவிடும்.

கற்றுக்கொடுக்கப் போகும் இடத்தில் கேட்டுக்கொள்ளவும் தயாராகப் போங்கள். ருவாண்டாவில் 1980களின் இறுதியில், பீன்ஸ் ரகங்களைத் தேர்ந்தெடுக்கப் பெண் விவசாயிகளை ஆராய்ச்சி நிலையத்துக்கே அழைத்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தவை அவர்களுடைய நிலத்தில் நன்றாகவே விளைந்தன. எந்த மண்ணில் எது நிற்கும், எது சீக்கிரம் வேகும் என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் இருந்தது.

அடுத்து கருவி. உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் இதை யோசிப்பதே இல்லை. விற்பனைக்கு வரும் கருவிகளில் பெரும்பாலானவை ஆணின் உயரத்துக்கும் கைப்பிடிக்கும் அளவெடுத்தவை. 16 லிட்டர் முதுகுத் தெளிப்பானை நிரப்பினால் தண்ணீர் மட்டுமே 16 கிலோ. அந்த எடையோடு சேற்றில் நடந்து பாருங்கள், தெரியும். பாதி அளவு நிரப்பச் சொல்லுங்கள், அல்லது சிறிய தொட்டி வாங்குங்கள். களைக்கொத்தி வாங்கும்போது, வேலை செய்யப்போகிறவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். பிடியைச் சுற்றிப் பிடித்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுக்கொள்ள வேண்டும். இடைவெளி விழுந்தால் பிடி தடிமன். நீளமான பிடியென்றால், முதுகை வளைக்காமல் நின்றபடி மண்ணைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். நாள் முழுக்கக் குனிந்து களையெடுக்கும் வேலைக்கு நின்றபடி தள்ளும் களைக்கருவி வந்தால், அதைவிடப் பெரிய உதவி இல்லை என்பது என் எண்ணம். ஆனால் ஓர் எச்சரிக்கை. இயந்திரம் வந்ததும் அந்த வேலை ஆண்கள் கைக்கு மாறி, பெண்களின் கூலி காணாமல் போவதும் உண்டு. ஓட்டவும் பழுது பார்க்கவும் பெண்களுக்கே முதலில் கற்றுக்கொடுங்கள். சாவி அவர்கள் குழுவிடம் இருக்கட்டும்.

மருந்து அடிப்பவருக்குக் கையுறை கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பெரிய அளவுக் கையுறையில் மருந்து உள்ளே வழிந்து தோலிலேயே தங்கும், அது கையுறை இல்லாததைவிட மோசமாகவும் ஆகலாம். சின்ன அளவும் வாங்குங்கள், காலணிக்கும் அப்படியே. மருந்து அடித்த துணியைத் துவைப்பவர் யார் என்றும் கேளுங்கள். அவர் வயலுக்கே போகாதவராக இருந்தாலும் நஞ்சு அவர் கையில் படுகிறது. அந்தத் துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், கையுறை போட்டுத் தனியாகத் துவைக்க வேண்டும். கர்ப்பிணிகளையும் பால் கொடுக்கும் தாய்மார்களையும் மருந்துப் பக்கமே விடாதீர்கள். அதற்காகக் கூலியை நிறுத்தாமல் வேறு வேலை கொடுங்கள். வேளாண்மையில் பாதுகாப்பும் உடல்நலமும் பற்றிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை, கர்ப்பம், பாலூட்டல், இனப்பெருக்க நலம் ஆகிய மூன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கழிப்பறையும் குடிநீரும் வேலை நடக்கும் இடத்தின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன? சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலத்துக்கு வருவோம். பெயரில் நிலம் இல்லையென்றால் கடனுக்கு ஈடு இல்லை. கடன் இல்லையென்றால் உரமும் நல்ல விதையும் உரிய நேரத்தில் வராது. பிறகு விளைச்சல் குறைந்ததும், பெண்ணுக்கு விவசாயம் தெரியவில்லை என்பார்கள். ஆண்களுக்குக் கிடைக்கும் வளங்கள் பெண்களுக்கும் கிடைத்தால் அவர்கள் நிலத்தில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் கூடலாம் என்று உணவு வேளாண்மை நிறுவனம் 2011இல் கணக்கிட்டது. எத்தியோப்பியாவின் சில பகுதிகளில் நிலச் சான்றிதழில் கணவன் மனைவி இருவர் பெயரும், படமும்கூட இடம்பெறுகின்றன. உங்களால் சட்டத்தை மாற்ற முடியாமல் இருக்கலாம். உங்கள் படிவத்தை மாற்ற முடியும். குழு உறுப்பினர், கடன் வாங்குபவர், காப்பீடு எடுப்பவர் என்று வரும் எல்லாத் தாளிலும் இரண்டாவது பெயருக்கு ஒரு வரி விடுங்கள். குத்தகை நிலமென்றால், எத்தனை பருவம் அவர் உழலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொடுங்கள். மண்ணை அவர் வளப்படுத்தியதும் உரிமையாளர் திரும்பக் கேட்பது வாடிக்கை.

கணவர்களை ஒதுக்கிவிட்டு இதையெல்லாம் செய்யப் பார்க்காதீர்கள். மாமியார்களையும்தான். முதல் கூட்டத்துக்கே கூப்பிட்டு, வீட்டுக்கு என்ன வரவு என்று கணக்குக் காட்டிவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கும்.

பணம் அவருடைய சொந்தக் கணக்குக்கே போகட்டும். கணக்கைத் திறந்து கொடுத்தால் மட்டும் போதாது. செய்தி வந்து சேரும் கைபேசி யாரிடம் இருக்கிறது, ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்று பாருங்கள். கூலி விஷயத்தில், வேளாண் கூலி வேலையில் ஆண் ஒரு டாலர் வாங்கும்போது பெண் 82 சென்ட் வாங்குகிறார் என்று உணவு வேளாண்மை நிறுவனத்தின் 2023 அறிக்கை சொல்கிறது. பெண்களுக்கு இலேசான வேலை என்று பெயர் வைத்துக் குறைப்பதுதான் வழக்கமான தந்திரம். வேலையின் பெயரையும் கூலியையும் எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள். எடைக்குக் கூலி என்றால், தராசின் முள் பறித்தவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். எடையை அவர் நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.