பழைய ஜப்பான் கிட்டாரா? முதலில் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்

டோக்கியோவில் ஒச்சானோமிசு பக்கம் போனால் தெரு முழுக்கக் கிட்டார் கடைகள்தான். அங்கே சுவரில் தொங்குகிற எழுபதுகளின் கிட்டார் ஒன்றைப் பார்த்துவிட்டு, தலையில் இருக்கிற பெயரை வைத்தே விலையை எடைபோட ஆரம்பித்துவிடுகிறோம். அந்தப் பெயர் யார் விற்றார்கள் என்பதைத்தான் சொல்லும், யார் செய்தார்கள் என்பதை அல்ல. ஐபனேஸ் என்பது ஹோஷினோ நிறுவனத்தின் பெயர், கிரெகோ என்பது கண்டா ஷோகாயின் பெயர். ஆனால் எழுபதுகளின் பின்பாதியில் இரண்டுமே பெரும்பாலும் நகானோ மாகாணத்து மட்சுமோட்டோ ஊரில் இருந்த ஃபுஜிகென் தொழிற்சாலையில் பிறந்தவை. அதே ஊரில் இருந்த மட்சுமோகு ஆலை ஆரியா ப்ரோ டூ, வெஸ்டோன் என்ற பெயர்களில் விற்ற கிட்டார்களை எல்லாம் செய்துவிட்டு 1987-இல் மூடிக்கொண்டது. அதனால் பெயர் வேறாக இருந்தாலும் இரண்டு கிட்டார்கள் அண்ணன் தம்பியாக இருக்கலாம்.

சரி, எந்த வருடத்தது என்று சொல்லும் சீரியல் எண்ணுக்கு வருவோம். ஐபனேஸ், கிரெகோ இரண்டிலும் 1975 கடைசியிலிருந்து ஓர் எழுத்தும் ஆறு இலக்கங்களும் வரும். எழுத்து மாதம்: A என்றால் ஜனவரி, L என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. H782345 என்று இருந்தால் 1978 ஆகஸ்ட், அவ்வளவுதான். ஐபனேஸில் இந்த முறை எண்பதுகளின் நடுப்பகுதி வரை ஓடியது, 1987-க்குப் பிறகு F என்பது மாதமல்ல, ஃபுஜிகெனைக் குறிக்கும் எழுத்து. இது தெரியாமல் F என்றால் ஜூன் என்று படிப்பவர்கள் நிறைய. 1975-க்கு முந்தையவற்றில் பெரும்பாலும் எண்ணே இருக்காது, எண் இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவுகட்டாதீர்கள். ஹமமாட்சு நகரில் செய்த டோகாய் கிட்டாரில் எழுபதுகளின் இறுதி, எண்பதுகளின் தொடக்கம் என்றால் முதல் இலக்கமே ஆண்டின் கடைசி இலக்கம், 0 என்றால் 1980, 1 என்றால் 1981.

மாடல் எண்ணையும் விடாதீர்கள், அதில் அழகான ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கிரெகோ EG-500 என்றால் அன்றைய விலை 50,000 யென், டோகாய் LS-80 என்றால் 80,000 யென். எந்தத் தரம் என்பதை எண்ணே சொல்லிவிடும். அமெரிக்க ஃபெண்டர் கிட்டார்களை ஜப்பானில் செய்து விற்ற ஃபெண்டர் ஜப்பானில் ST62-65 என்று பார்த்தால் 62 என்பது பிறந்த வருடம் அல்ல, 1962 மாதிரியின் நகல், 65 என்பது 65,000 யென். 62-ஐப் பார்த்துவிட்டு "அறுபத்திரண்டாம் வருடத்து கிட்டார்" என்று விளம்பரம் போட்டவரை நானே பார்த்திருக்கிறேன்.

ஃபெண்டர் ஜப்பான் 1982-இல் தொடங்கியது. JV என்று ஆரம்பிக்கும் எண்கள் 1982 முதல் 1984 வரை, SQ 1983-84, E 1984 முதல் 1987 வரை. தொல்லை என்னவென்றால் அமெரிக்க ஃபெண்டரும் எண்பதுகளில் E போட்டது, 1997 வாக்கில் எழுத்துகள் மறுபடி A-யிலிருந்து சுற்ற ஆரம்பித்தன. எழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். பக்கத்தில் 'மேட் இன் ஜப்பான்' என்று இருக்கிறதா, 'கிராஃப்டட் இன் ஜப்பான்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது இருந்தால் அது தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பிந்தையது. இதற்கு நேர்மாறாக, ஜப்பானுக்குள்ளேயே விற்ற பழைய கிரெகோவில் நாட்டின் பெயரே இல்லாமல் போகலாம், ஏற்றுமதிக்குத்தான் அது தேவைப்பட்டது.

இப்போது ஸ்க்ரூ டிரைவர். ஒரு தடவை JV எண் இருந்ததால் மனசு குளிர்ந்து ஒன்றை வாங்கினேன். வீட்டுக்கு வந்து கம்பிகளைத் தளர்த்தி, பின்னால் இருந்த நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி நெக்கை, அதாவது கழுத்துப் பகுதியைத் தூக்கினால், பாடியில் வேறு இடத்தில் நான்கு துளைகள், மரக்குச்சி அடித்து பெயிண்ட் பூசி மறைத்திருந்தார்கள். நெக் நிஜம்தான், உடம்புதான் யாருடையதோ. எண் நெக்கிலோ, பின்னால் ஸ்க்ரூக்கள் போகும் உலோகத் தகடான நெக் பிளேட்டிலோ இருக்கும் கிட்டார்களில் இதுதான் ஆபத்து, இரண்டும் கழற்றி மாட்டக்கூடியவை. அதனால் கடைக்காரர் அனுமதித்தால் அங்கேயே கழற்றிப் பாருங்கள், விடமாட்டேன் என்றால் விலையில் அதற்கும் சேர்த்துக் குறைத்துக் கேளுங்கள். நெக் அடியில் பென்சில் எழுத்தோ முத்திரையோ இருக்கலாம், கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் உட்காரும் குழியிலும் பாருங்கள்.

பின்பக்க மூடியைத் திறந்தால் சால்டரிங்கைக் கவனியுங்கள். நாற்பது வருடப் பழைய சால்டர் மங்கிப்போய் இருக்கும், பளபளவென்று உருண்டையாக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பாகமான பாட் (pot) ஒன்றின் தண்டில் இருக்கும் பற்களும் சாட்சி சொல்லும்: ஜப்பான் பாகங்களில் வழக்கமாக 18 பல், அமெரிக்க சிடிஎஸ் பாட்டில் 24 பல். அமெரிக்க நாப் (தண்டின் மேல் மாட்டும் குமிழ்) இறுக்கமாகப் பொருந்தினால் பாட் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்க நிறுவனமான கிப்சனின் லெஸ் பால் மாடலைப் பார்த்து, நெக்கை ஸ்க்ரூவால் மாட்டிச் செய்த மலிவான போல்ட்-ஆன் நகலில் மேல்பகுதியை விரல் கணுவால் தட்டினால் பொள்ளலாகக் கேட்கும், அழுத்தி வளைத்த பிளைவுட் அது, கெட்டியான மரம் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு தலைவலி "லாசூட் கிட்டார்", அதாவது வழக்கில் சிக்கிய கிட்டார் என்கிற பேச்சு. கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின் 1977-இல் ஐபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்ஜர் மீது ஹெட்ஸ்டாக் (கிட்டாரின் தலைப்பகுதி) வடிவத்துக்காக ஒரே ஒரு வழக்குப் போட்டது, அது நீதிமன்றத்துக்கு வெளியே சமாதானமாக முடிந்தது. டோகாய், கிரெகோ, பர்னி எல்லாவற்றுக்கும் அந்த வார்த்தையை ஒட்டிக் கூடுதல் விலை கேட்பவரிடம் எந்த வழக்கு என்று கேளுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

நெக்கைத் திரும்ப மாட்டும் முன் எண், முத்திரை, குழிகள், சால்டர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூவைப் பழைய மரையில் கையால் மெல்லத் திருகி உட்கார வையுங்கள், அழுத்தினால் புது மரை விழுந்துவிடும்.